செல்லாத பத்திரம்

குமாரபாளையம்
9.6.2025

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தை ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புகை அட்டையோடு, உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஃபோன் என்றால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. எழுத்தில் கேட்டால்தான் வக்கீல்கள் பதில் சொல்வார்களாமே, அதனால் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் மகளிர் குழுவுக்குச் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. திருச்செங்கோட்டிலிருந்து மஞ்சுளா என்று ஒரு வக்கீல் பெண் வந்திருந்தது. ஒப்பந்தம் என்றால் என்ன, எது செல்லும், எது செல்லாது என்று நல்ல தமிழில் புரியும்படி சொன்னது. சூதாட்டத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. மிரட்டி வாங்கிய கையெழுத்து நிற்காது. நான் சுண்டலைத் தின்றுகொண்டு, பாதி காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அது சொன்னது: "வயசு வந்த ஒருத்தர் கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு தடுக்கற ஒப்பந்தம் எதுவுமே செல்லாதுங்க. ஒப்பந்தச் சட்டம், இருபத்தாறாவது பிரிவு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "புருசன் செத்துப்போன பொண்ணு, மறுகல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"ஆரு எழுதிக் குடுத்திருந்தாலும் செல்லாதுங்கக்கா. ஸ்டாம்பு பேப்பர்ல எழுதுனாலும் செரி, தங்கத் தகட்டுல எழுதுனாலும் செரி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றபடியே இருந்தேன். பக்கத்திலிருந்த எங்கள் குழு அன்புச்செல்விதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன், அவர் போன துக்கம் ஆறுவதற்குள், உன் ஆபீசில் உன் மேசை மேல் உன் பேனாவால் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதிலுள்ளது எனக்கு மனப்பாடம். 'குமரகுருவின் மனைவி அறிவுச்செல்வியாகிய நான் என் ஆயுள் உள்ள மட்டும் மறுமணம் செய்துகொள்ள மாட்டேன். செய்துகொண்டால் என் மகள் ஜெயப்பிரியாவுக்கு என் மாமனார் கைலாசம் கொடுத்த வீட்டின் மீதுள்ள உரிமையையும், மகளை வளர்க்கும் உரிமையையும் இழக்கச் சம்மதிக்கிறேன்.' எழுதியவர், வழக்கறிஞர் மதியழகன். என் உடன்பிறந்த அண்ணன்.

ஒரே ஒரு கேள்விதான். அது செல்லாது என்று அன்றைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீ மோசமான வக்கீல், மன்னித்துவிடுகிறேன். தெரியும் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அறிவுச்செல்வி


அம்மாபேட்டை, சேலம்
13.6.2025

அன்புள்ள செல்விக்கு,

அண்ணன் எழுதுவது. உன் தபாலை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஜூனியர்கள் எனக்குத்தான் யாரோ நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள் என்று பதறிப்போனார்கள். 'தங்கச்சி நோட்டீஸப்பா, இதுக்கு ஜாமீன் கிடையாது' என்றேன்.

உன் கேள்விக்குப் பதில்: தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அது செல்லாது என்பதற்காகவே அப்படி எழுதினேன். இதற்கு நீ கோபப்படக் கூடாது அம்மிணி, அண்ணனுக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும்.

மாப்பிள்ளை போன மூன்றாம் மாதம் உன் மாமனார் என் ஆபீசுக்கு வந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. "சின்ன வயசுப் புள்ளைங்க. நாளைக்கு இன்னொருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிருச்சுன்னா நாங்க என்னுங்க பண்றது? ஊட்ட வித்துப்போட்டு ஈரோட்டுக்கு மக ஊட்டோட போயிரலாம்னு இருக்கறனுங்க" என்றார். வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது. விற்றிருந்தால் உன்னையும் ஜெயப்பிரியாவையும் எந்தக் கோர்ட்டும் காப்பாற்றியிருக்காது. நான் என்ன செய்தேன்? வீட்டைப் பேத்தி பேரில் தான செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்தர் செய்ய வைத்தேன். அதில் ஒரு நிபந்தனையும் கிடையாது. பதிலுக்கு அவர் ஆசைப்பட்டுக் கேட்ட பத்திரத்தை எழுதிக் கொடுத்தேன். அது சாமி படம் ஒட்டிய காலண்டர் தாளுக்குச் சமம். பாம்பும் சாகவில்லை, தடியும் உடையவில்லை.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதில் நான் திருடித் தின்ற வெல்லத்துக்கு உன் முழியைப் பார்த்தே அம்மா என் முதுகில் வைப்பாள். கைலாசம் ஐயாவுக்குச் சந்தேகம் வந்திருந்தால் வீடு போயிருக்கும். பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றால், நான் மறுகல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் நீ 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். வேண்டாம் என்கிறவளிடம் போய், 'வேண்டுமென்றால் செய்யலாம், சட்டத்தில் இடமுண்டு' என்று வகுப்பு எடுக்கவா முடியும்?

நம்பரை அன்பிளாக் செய். அண்ணி உன் குரலைக் கேட்டு ஒரு வாரமாகிறது என்று என்னைத் திட்டுகிறாள்.

அன்புடன்
மதி


குமாரபாளையம்
17.6.2025

அண்ணா,

நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று ஒரு தடவையாவது கேட்டாயா?

செங்கோடன் என்று ஒருவர். நான் வேலை பார்க்கும் துண்டு நெய்கிற கம்பெனியில் மேலாளராக இருந்தார். தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தை மறந்தவர். மூன்று வருடத்துக்கு முன், வேலை முடிந்து நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்து, "என்னையக் கட்டிக்கிறீங்களா? உங்க புள்ளையோட சேத்துத்தானுங்க கேக்கறேன்" என்றார். மழை வருமா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அண்ணனிடம் எழுதுகிற விஷயமா என்று நீ முகம் சுளித்தால் சுளித்துக்கொள்.

பதிலாக மறுநாள் அந்தப் பத்திரத்தின் நகலைக் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தேன். வரி வரியாகப் படித்தார்.

"இத எழுதுனது ஆருங்க?"

"எங்கண்ணன். சேலத்துல வக்கீலுங்க."

"அப்பொச் செரிங்க. கூடப் பொறந்தவரே எழுதியிருக்கறாருன்னா இதுல ஓட்டை இருக்காதுங்க" என்றார்.

மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதமே கரூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் போனது உன் பேரைப் பார்த்து அண்ணா. வேறு எந்த வக்கீல் எழுதியிருந்தாலும் இன்னொருவரிடம் காட்டிக் கேட்டிருப்பார். நானும் கேட்டிருப்பேன். கூடப் பிறந்தவன் எழுதியதைக் கொண்டுபோய் எவளாவது சரிபார்ப்பாளா?

மகளையும் வீட்டையும் ஒரு பக்கம் வைத்து, அவரை ஒரு பக்கம் வைத்து, நான் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று நீ இப்போது மாலை கேட்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்திரம் எழுதிய அடுத்த வெள்ளிக்கிழமை மாமா என்னைக் குலதெய்வக் கோவிலுக்கு அழைத்துப்போனார். "பேப்பர் போட்டாச்சு. சாமி முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார். கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். பத்திரத்தில் உள்ளதைத்தானே சொல்லச் சொல்கிறார் என்று அன்றைக்கு நான் யோசிக்கக்கூட இல்லை. இதற்கு எத்தனையாவது பிரிவு?

செல்வி


சேலம்
21.6.2025

செல்வி,

கோர்ட் வராந்தாவில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளே என் கேஸைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஜூனியர்தான் போய் வாய்தா வாங்கினான்.

அப்படி ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர் சொன்ன அந்த ஒரு வரி, ஓட்டை இருக்காது என்றாரே, அது நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. ஓட்டை போடுவதற்கென்றே எழுதிய பத்திரம் அது. என் பேரே அதை அடைத்துவிட்டது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் ஏமாற்ற நினைத்தது உன் மாமனாரை. நீ ஏமாறுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ வேண்டாம் என்றது துக்கத்தால் என்றே நினைத்தேன். இவ்வளவு நாள் அப்படித்தான் அண்ணியிடமும் சொல்லி வந்தேன்.

சரி, இப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் எங்கே இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதலில் விசாரி. இல்லை என்றால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டை யாரும் அசைக்க முடியாது, ஜெயப்பிரியாவையும் உன்னிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது. கற்பூரச் சத்தியத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது, அதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

ஒன்றே ஒன்று. உன் மாமனாரிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. அவர் அந்தப் பத்திரத்தை நம்பிக்கொண்டிருக்கும் வரை சும்மா இருப்பார். அந்த நம்பிக்கைதான் நமக்குப் பாதுகாப்பு. நான் நேரில் வந்து பேசுகிறேன்.

மதி


குமாரபாளையம்
30.6.2025

அண்ணா,

நீ மூச்சு விடாதே என்று எழுதிய கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே மாமாவிடம் கேட்டுவிட்டேன். இனி யார் நம்பிக்கையையும் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு என்னால் வாழ முடியாது.

தறி ஓடாத நாள். தறிக்கூடத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "மாமா, இது செல்லாதாமா" என்றேன்.

கத்துவார், உன்னைக் கூப்பிட்டு வரச் சொல்லுவார், அக்கம்பக்கத்தைக் கூட்டுவார் என்று எதற்கெல்லாமோ தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"ஆமா சாமி" என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எழுதுன வாரமே தெரியும். பவானியில ஒரு வக்கீல்கிட்டக் கொண்டு போய்க் காட்டுனேன். படிச்சுப்போட்டுச் சிரிச்சாப்ல. பொண்ணோட அண்ணன் உங்க தலையில நல்லா மொளகா அரைச்சுட்டாருங்கன்னாப்ல. ஊட்டுப் பத்திரத்த ரத்து பண்ணலாமுங்களான்னு கேட்டேன். அதும் முடியாதுன்னுட்டாப்ல."

நகலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். "அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லுல?"

"நீதான் நம்பிட்டு இருந்தியே. நீ நம்பற மட்டும் அது செல்லுமில்ல சாமி? அதுக்குத்தான் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போனேன்."

கோபமே இல்லாமல் சொன்னார் அண்ணா. சாமி, சாமி என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே சொன்னார். "பையனும் போயிட்டான். பேத்தியாச்சும் எங்க கண்ணு முன்னால வளரோணும்னு நெனச்சேன். அது தப்பா?" என்றும் கேட்டார். 

நீ அவரை ஏமாற்றியதாக நினைத்தாய். அவர் உன் ஏமாற்றை வைத்தே என்னை ஏமாற்றினார். இரண்டு பேருக்கும் அது வெறும் தாள். இந்த உலகத்தில் அந்தப் பத்திரத்தை நம்பி, அதற்குக் கட்டுப்பட்டு, வந்த மனிதரைத் திருப்பி அனுப்பியவள் நான் ஒருத்திதான் என்று அந்த இடத்தில் நினைத்தேன். அப்போது பின்னால் அத்தை குரல் கேட்டது.

"ஏனுங்க, அது பொய்ப் பத்திரமுங்களா?"

மாமா திரும்பவில்லை. அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் மாமியார் முத்தாயம்மாள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "செங்கோடன் தம்பி கேட்டது எனக்குந் தெரியுமுங்க. பத்திரம் இருக்குதேன்னுதான் நானும் வாயப் பொத்திட்டு இருந்தேன். எங்கிட்டக் கூடச் சொல்லாம வெச்சிருந்தீங்களே, நானும் உங்களுக்கு அசலாளா? ஏமாத்தி வாங்குன சத்தியம் வாங்குனவங்களத்தானுங்க சுடும். இந்தப் புள்ளையச் சுடாது." அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு வைக்கிறார், பேச்சை நிறுத்திவிட்டார்.

செங்கோடன் நம்பரை அன்புச்செல்வி வாங்கிக் கொடுத்தாள். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தது. மனைவியாக இருக்கும் என்று ஃபோனை வைக்கப்போனேன். "அண்ணன் குளிக்கறாருங்க, நான் தங்கச்சி பேசறனுங்க" என்று அது சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அப்பொ அந்தப் பத்திரத்துல ஓட்டை இருந்துச்சுங்களா?" என்றார்.

"முழுக்க ஓட்டைதானுங்க" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செல்வி


சேலம்
4.7.2025

செல்வி,

கைலாசம் ஐயாவுக்குத் தெரியுமா? எழுதிய வாரமே தெரியுமா?

ஆறு வருடமாக என்னிடம் வருகிற ஒவ்வொரு ஜூனியருக்கும் இந்தக் கதையைப் பாடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். பேர் சொல்லாமல்தான். 'கேட்டதைக் கொடு, ஆனால் கொடுத்தது கையில் நிற்காதபடி கொடு' என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர்களும் சிரித்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தறி ஓட்டுகிற மனுஷன், என்னிடம் வாங்கிய பொய்யை வைத்தே என் தங்கச்சியைக் கட்டிப் போட்டிருக்கிறார். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால், பொய்யைச் செய்து கையில் கொடுத்தவன் யார் என்று அண்ணி கேட்கிறாள்.

இதற்கு மேல் சட்டம் எதுவும் எழுத எனக்குத் தோன்றவில்லை. செங்கோடன் கூப்பிட்டாரா, இல்லையா? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. நான் வேண்டுமானால் கரூருக்குப் போய் அவர் காலைப் பிடிக்கிறேன்.

மதி


குமாரபாளையம்
12.8.2025

அண்ணா,

நீ யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. நான் ஃபோன் செய்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பஸ் ஏறி வந்தார். "கோவமா இருந்துச்சுங்க. ஆரு மேல கோவப்படறதுன்னு தெரியாமத்தான் ஒரு வாரம் ஆயிருச்சு" என்றார். மாமா எதிரிலேயே இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், அத்தையிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜெயப்பிரியாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். "எம் பேர்ல இருக்கற ஊட்டுக்காகத்தானம்மா இத்தனையும்? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லியே" என்றாள். பதினைந்து வயதுப் பெண் கேட்ட அந்தக் கேள்வியை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்.

சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தோம், ஆட்சேபணைக்கான முப்பது நாள் நாளையோடு முடிகிறது. மஞ்சுளா கூட வந்தது. ஆபீசில் நீட்டிய தாளை வாங்கி ஒவ்வொரு வரியையும் படித்து, இதற்கு என்ன அர்த்தம், இது செல்லுமா என்று கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஆவணி நாலாம் தேதி, புதன்கிழமை, காலையில் பதிவு. மூன்று சாட்சி வேண்டும். மஞ்சுளா ஒன்று, செங்கோடனின் தங்கை ஒன்று, முத்தாயம்மாள் ஒன்று. அத்தை ஒரு வாரமாகப் பழைய பேப்பர் ஓரத்தில் தன் பேரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

நீ வராதே.

முன்னால் நின்று நடத்த வேண்டியவன் நீதான். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு முதல் கல்யாணத்தை நடத்தியவன் நீ, அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உன்னை அங்கே பார்த்தால், அந்தப் பத்திரத்தில் உன் பேரைப் பார்த்து அவர் மடித்துக் கொடுத்ததுதான் எனக்கு ஞாபகம் வரும். அந்த ஒரு நாள் எனக்கு அது வேண்டாம். பிறகு ஒருநாள் ஜெயப்பிரியாவை அழைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். எப்போது என்று இப்போது எழுத முடியாது.

செல்வி


சேலம்
21.8.2025

அன்புள்ள செல்விக்கு,

அண்ணி சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நேற்று நான் குமாரபாளையம் வந்திருந்தேன்.

முதல் பஸ்ஸில் வந்து, பதிவு அலுவலகத்துக்கு எதிரிலிருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தேன். நீ ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். நீலப் பட்டு. உனக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். ஜெயப்பிரியா உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள், எனக்குத் தெரியவே இல்லை. முத்தாயம்மாள் படியேறச் சிரமப்பட்டபோது ஒருவர் கையைக் கொடுத்தார். அவர்தான் செங்கோடன் என்று நினைக்கிறேன். நல்ல முகம். கைலாசம் ஐயாவும் வந்திருந்தார், உனக்குத் தெரியுமோ என்னவோ. காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நீங்கள் மாலையோடு வெளியே வரும்வரை இருந்தேன். நான்கு டீ குடித்துவிட்டேன். கடைக்காரர், "ஆருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். "எந்தங்கச்சிக்குங்க" என்றேன். "அப்பறம் ஏனுங்க இங்க ஒக்காந்திருக்கறீங்க, உள்ள போங்க" என்றார்.

உள்ளே வந்திருக்கலாம். அது பொது அலுவலகம், யார் வேண்டுமானாலும் வரலாம். வராதே என்று தங்கை எழுதிய கடிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. எந்தக் கோர்ட்டும் என்னைத் தடுக்காது.

அந்த ரோட்டைத் தாண்ட என்னால் முடியவில்லை, அம்மிணி.

மதி